என் தலையும் கோகிலாவின் கைகளும்

1

சுங்க அலுவலகத்தின் கவுன்ட்டர் ஒன்றில் நின்றுகொண்டிருந்தபோதுதான் மறுபடி வரைய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஓர் ஓவியக்கூடத்திலோ ஆற்றங்கரையிலோ தோன்றியிருந்தால் எழுதுவதற்கு நன்றாக இருந்திருக்கும். எனக்கு வாய்த்தது இதுதான்: லைப்சிக் நகரத்தின் ஓரத்தில், டிராமின் கடைசி நிறுத்தத்திலிருந்து கால்மணி நேரம் நடந்தால் வரும் ஒரு சாம்பல் நிறக் கட்டடம், ஈரக் கோட்டுகளின் வாசனை, கையில் ஒரு கடிதம். 'உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது, நேரில் வந்து பிரித்துக் காட்டவும்.'

ஊரிலிருந்து ஜெர்மனிக்கு வரும் பார்சல்கள் சில நேரம் இப்படி வழியில் நின்றுவிடும். போன தடவை அம்மா அனுப்பிய கொள்ளுப் பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு, இதை எந்த நோய்க்குச் சாப்பிடுகிறீர்கள் என்று அக்கறையாகக் கேட்டார்கள். இந்த முறை பொடி எதுவும் இல்லை. அட்டைப்பெட்டியின் மேல் நீல மையில் 'ஒரு பெட்ஷீட், ஒரு கல்யாண ஆல்பம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கோகிலாவின் கையெழுத்து.

கவுன்ட்டரில் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கத்தியால் டேப்பை அறுத்தார். நீலக் கட்டம் போட்ட சென்னிமலை பெட்ஷீட் ஒன்றை விரித்ததும் உள்ளே ஆல்பம். அண்ணனுடைய கல்யாண ஆல்பம். அட்டையே என் சமையல் பலகை கனம்.

"அனுப்பியவர் யார்?"

"என் தங்கை."

"யாருடைய திருமணம்?"

"என் அண்ணனுடையது."

அவர் முகம் இளகியது. பின்னால் வரிசையிலும் யாரும் இல்லை. "உங்கள் தங்கையும் இதில் இருப்பார், இல்லையா?" என்று கேட்டார்.

"நிச்சயமாக இருப்பாள்" என்று சொல்லிப் பக்கங்களைப் புரட்டினேன். கல்யாண ஆல்பங்களில் அது எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். ஒளிவிளக்கு, மேடை, வாழைமரம், பட்டு வேட்டியில் அண்ணன். அவன் பக்கத்தில் அரக்கு நிறப் பட்டில் ஒரு பெண், கையில் ஒரு சேலையின் முனை. அந்தப் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனால் இது நீங்கள்தானே."

குனிந்து பார்த்தேன். நான்தான். என் மூக்கு, என் நெற்றி, என் கழுத்து பாதிவரை. அதற்குக் கீழே சேலை முனையைப் பிடித்திருந்த கைகள் மட்டும் என்னுடையவை அல்ல. இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டு பாதியாக வளர்ந்திருந்தது. கோகிலாவுக்கு ஆறு வயதில் பஸ் கதவில் நசுங்கிய விரல் அது.

"தலை நான். கைகள் அவள்" என்றேன்.

அவர் பொறுமையாகக் காத்திருந்தார். என் ஜெர்மன் மொழியில் இப்படிப்பட்ட விபத்துகள் நடப்பது வழக்கம்தான். "வேண்டுமானால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்றார்.

ஆங்கிலத்திலும் அது அதேதான். தமிழிலும் அதேதான்.

அந்த நகத்தைப் பார்த்தபடியே நின்றேன். முன்பு ஒரு காலத்தில் அதை மூன்று வாரம் வரைந்திருக்கிறேன். அதன் பிளவுக்குள் விழும் நிழல் என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். இந்தக் கைகளுக்கு உரிய முகத்தை நான்தான் வரைய வேண்டும் என்று அப்போது தோன்றியது. அம்மாள் முத்திரை குத்திப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

2

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சூலூர். படித்தது கோவையில். உக்கடத்தில் ஒரு ஸ்டுடியோவில் நாலு வருடம் கல்யாண போட்டோகிராபராக இருந்தேன். பிறகு புகைப்படக்கலையில் மேல்படிப்பு என்று இங்கே வந்தேன். படிப்பு முடிந்து இப்போது ஓர் இணையக் கடைக்குச் செருப்பும் ஷூவும் படம் எடுக்கிறேன். வெள்ளைப் பின்னணி, இடது ஷூ நாற்பத்தைந்து டிகிரி, வலது ஷூ பக்கவாட்டில். ஊரில் கேட்பவர்களுக்கு அம்மா 'ஃபேஷன் போட்டோகிராபர்' என்று சொல்லிக்கொள்கிறார். ஒரு வகையில் உண்மைதான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவன் கூடப்பிறந்தவளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். மணப்பெண் முகூர்த்தத்துக்குக் கட்டப்போகும் கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணன் கையில் இருக்கும், மறுமுனை தங்கை கையில். சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் சொல்லச் சொல்ல அது நடக்கும். கல்யாணம் ஆனாலும் உனக்கும் எனக்கும் உள்ள இணைப்பு விட்டுப்போகாது என்பதுதான் அதன் அர்த்தம். தங்கை இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டில் தங்கை முறையுள்ள ஒருத்தி வந்து நிற்பாள். ஆனால் கூடப்பிறந்தவள் உயிரோடு இருக்கும்போது அவள்தான் நிற்க வேண்டும்.

நான் போகவில்லை. போன ஆவணியில் கல்யாணம். மாணவர் அனுமதி முடிந்து வேலை அனுமதிக்கு விண்ணப்பித்திருந்த நேரம் அது. தங்கும் அனுமதிக்கான பழைய அட்டை காலாவதி, புது அட்டை வரவில்லை. இடையில் ஒரு தாள் கொடுப்பார்கள், அதற்கும் முன்பதிவு வேண்டும். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்பே அந்த இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். 'தற்போது நேரங்கள் எதுவும் இல்லை' என்று வரும். நாட்டை விட்டுப் போக யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி உள்ளே விடுவார்களா என்பதற்குத்தான் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

"ஏன் கண்ணு, ஒரு வாரம் லீவு கேட்டாக் குடுக்க மாட்டாங்களா?" என்று அம்மா கேட்டார்.

"லீவு இல்லீங்கம்மா. கார்டு வரலை."

"கார்டுன்னா, நம்ம ரேஷன் கார்டாட்டமா?"

"அதை வெச்சு அரிசியாச்சும் வாங்கலாம்."

அம்மா சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கோகிலாவைக் கேட்டார்கள். கோகிலா என் சித்தப்பா மகள், ஒரே பெண். என்னைவிட எட்டு மாதம் இளையவள். சென்னிமலையில் கட்டிக்கொடுத்து அங்கேயே ஒரு பெட்ஷீட் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறாள். என்னை அக்கா என்று கூப்பிடவே மாட்டாள், 'நிவி' என்பாள். கோபம் வந்தால் மட்டும் 'ஏனுங்க்கா' என்று மரியாதை ஏறிவிடும்.

அன்று எனக்கு அவளே ஃபோன் செய்தாள். "உன்ற எடத்துல நான் நிக்கறேன். வவுறு எரியாத."

"எரியத்தான் செய்யுது."

"எரியட்டும். எனக்கு ஆரு இருக்கறா, இப்பிடி நிக்கறதுக்கு. அண்ணனா, தம்பியா? இது ஒன்னுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சீர் நடந்தது முதல்நாள் சாயங்காலம். இங்கே மதியம் இரண்டரை மணி. ஷூ டப்பாக்களுக்கு நடுவில், ஆறிப்போன மதியச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு வீடியோ காலில் பார்த்தேன். அம்மா மேடைக்குக் கீழே நின்று ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் மின்விசிறி தெரிந்தது. கொஞ்ச நேரம் யாருடைய முதுகோ தெரிந்தது. அப்புறம் அண்ணன், கோகிலா. அவள் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். அருமைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, ஒரே ஒரு விநாடி ஃபோன் பக்கம் திரும்பி என்னைப் பார்த்து இடது புருவத்தை மட்டும் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் திரும்பி நிற்கும்போது செய்வாளே, அதே தூக்கல். அழுதுவிடுவேன் என்று இருந்த நான் ஷூக்களுக்கு நடுவில் சிரித்தேன்.

3

கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி.

"கண்ணு, ஸ்டுடியோக்காரரு ஆல்பத்துக்கு உன்ற போட்டோ ஒன்னு கேக்கறாரு. அரக்குப் பட்டு இருந்தாக் கட்டிக்க. கழுத்துல ஆரம் போட்டுக்க. லேசாத் திரும்பி, கண்ணைக் கீழ பாத்தாப்ல எடுக்கோணுமாம். வெளிச்சம் இடது பக்கமிருந்து வரோணும்னு சொன்னாரு. நீயே எடுத்து அனுப்பு, உனக்குத் தெரியாததா."

எனக்குத் தெரியாததா. இந்தக் குறிப்புகளில் எழுதக் கூசும் இடம் இதுதான். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உக்கடம் ஸ்டுடியோவில் தலை மாற்றுவது எனக்குத் தினசரி வேலை. குடும்பப் படத்தில் கண் மூடியவருக்கு வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்போம். துபாயிலிருந்து வர முடியாத தம்பியை வரிசையின் கடைசியில் நிறுத்துவோம். ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் அப்பா இறந்துவிட்டார். அவரை அவள் பின்னால் நிறுத்தி, தோளில் நிழல்கூட விழவைத்துக் கொடுத்தேன். ஆல்பம் வாங்க வந்தபோது அந்தப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அவள் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வேலையைப் பொய் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட என்னால் முடியாது.

ஆனால் தொழிலில் இருக்கிறவளுக்கு ஒரு விஷயம் தெரியும். ஓரத்தில் தனிக் கட்டம் போட்டு வைக்கும் படத்துக்கு எந்த வெளிச்சமும் போதும். எந்தப் பக்கத்து வெளிச்சம், கண் எங்கே பார்க்கிறது, கழுத்தில் ஆரம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டால் அது வேறொருவர் உடம்பின் மேல் உட்காரப்போகும் தலை. ஆரம் எதற்கு? ஒட்டு தெரியாமல் மறைக்க.

அம்மாவின் செய்தியைக் கேட்ட உடனேயே அது எனக்குத் தெரிந்துவிட்டது. யாருடைய உடம்பு என்பதும் தெரியும். அந்த மேடையில் அந்த இடத்தில் நின்றது ஒருத்திதான்.

நான் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் திருப்பூர்க்காரச் சுகந்தியிடம் கவரிங் ஆரம் வாங்கிவந்தேன். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, இடது பக்கம் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு, முகவாயை எவ்வளவு இறக்க வேண்டும் என்று அளந்து எடுத்தேன். வீடியோ காலில் கோகிலா குனிந்திருந்த அதே கோணம். ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டேன். இந்த வேகத்துக்குத்தான் உக்கடத்தில் எனக்குப் பேர்.

காலி இடத்தில் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது வேறு. நிற்கிறவரை எடுத்துவிட்டு நிறுத்துவது வேறு. அன்று அந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். யோசித்தேன். அண்ணன் பக்கத்தில் நான் நிற்கிற படம் ஒன்று எனக்கும் வேண்டியிருந்தது. அனுப்பியதை நாலு மாதத்தில் எவ்வளவு வசதியாக மறந்திருந்தேன் என்பது கவுன்ட்டரில்தான் தெரிந்தது.

4

இனி அந்த நகம்.

கேமரா வாங்குவதற்கு முன்னால் நான் வரைந்துகொண்டிருந்தேன். கல்லூரி முதல் இரண்டு வருடமும் அதுதான் வேலை. சூலூர் வீட்டு மாடி அறையில் எண்ணெய் வண்ணமும் டர்பன்டைனும் நாறும். துணி காயப்போட மேலே வரும் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். கோகிலா அப்போது இரண்டு தெரு தள்ளி இருந்தாள். சனி, ஞாயிறுகளில் வந்து எனக்காக உட்காருவாள். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு அவளுக்குத் தூக்கம் வரும். விமானப்படைத் தளத்திலிருந்து ஜெட் கிளம்பினால் மட்டும் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்ப்பாள். நான் கத்துவேன்.

"அது போற போக்குல போகுது. உனக்கென்ன?"

"எங்க போகுதுன்னு பாக்கறேன். நீ வேணும்னா ஜெட்டை வரை."

அவள் மடியில் ஒரு துண்டை வைத்து அதை இரண்டு கைகளாலும் பிடித்திருப்பது போன்ற படம். கைகளைத்தான் முதலில் எடுத்தேன். கைதான் கஷ்டம், அது வந்துவிட்டால் முகம் தானாக வரும் என்று நினைப்பு. மூன்று வாரம் கைகளிலேயே போயிற்று. பிளந்த நகம் வந்தது. புறங்கையின் பச்சை நரம்பு வந்தது. சேலை பாதி வந்தது. முகத்துக்கு வெள்ளைக் கேன்வாஸில் ஒரு முட்டை வடிவக் கோடு மட்டும் போட்டிருந்தேன்.

அந்த வாரம்தான் தோழி வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். கடன் வாங்கிய கேமரா. அழுத்தினால் படம். மூன்று வாரம் கைக்காகத் தவம் கிடந்தவளுக்கு ஒரு சாயங்காலத்தில் எழுநூறு முகங்கள் கிடைத்தன. பொறுமை எனக்கு என்றைக்குமே கிடையாது. அது ஒரு குறை என்றுகூட எனக்கு அப்போது தெரியாது, கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். மறுபடி மாடிக்குப் போகவில்லை.

எட்டு வருடம் ஆயிற்று. மாடி ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்தபோது அம்மா அந்தக் கேன்வாஸைத்தான் மறைப்பாக வைத்துக் கட்டினார். நல்ல கெட்டித் துணி, மழை உள்ளே வரவில்லை என்று ஒருமுறை பாராட்டினார்.

5

ஆல்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஆரத்தைத் திருப்பிக் கொடுக்க, ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு சுகந்தி வீட்டுக்குப் போனேன். நாலு மாதமாகக் கொடுக்காமலே வைத்திருந்தேன். சுகந்தியின் மகள் யாழினிக்கு ஏழு வயது. நாம் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். சுகந்தி விடாமல் தமிழிலேயே கேட்பாள். இரண்டு மொழிகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒன்றையொன்று பார்க்காமல் பேசிக்கொண்டிருப்பதைப் போல இருக்கும். "முன்னெல்லாம் கோவம் வரும். இப்பப் பழகிருச்சுங்க. புரியுதில்ல, அது போதும்" என்று சுகந்தி சொல்வாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

யாழினி ஆல்பத்தைத் தரையில் விரித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். எல்லாரும் ஏன் இவ்வளவு பூ வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் நின்றாள்.

"உங்க தலை பெருசா இருக்கு" என்றாள், தமிழில்.

சுகந்தி அவளை அடக்கப் பார்த்தாள். நான்தான் விடச் சொன்னேன். குழந்தையிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. அங்கே நின்றது வேறோர் ஆன்ட்டி, நான் போக முடியாததால் கம்ப்யூட்டரில் என் தலையை வைத்தார்கள் என்று சொன்னேன்.

அவள் யோசித்தாள். அடுத்த கேள்வி ஜெர்மனில் வந்தது. "அப்படியானால் அந்த ஆன்ட்டி எங்கே?"

நான் பின் அட்டைவரை புரட்டிக் காட்டினேன். பந்தி, வரவேற்பு, குடும்பப் படம் எதிலும் கோகிலா இல்லை. சீர் முடிந்த மறுநாள் அவள் சமையல்கட்டிலும் பந்தியிலும் ஓடிக்கொண்டிருந்திருப்பாள். அந்தக் கல்யாணத்தில் அவள் இருந்த ஒரே பக்கம் நான் நிற்கும் பக்கம்தான்.

6

மறுநாள் கோகிலாவை அழைத்தேன். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

"சொல்லுங்க்கா."

மரியாதை ஏறியிருந்தது.

"பார்சல் வந்துது."

"வந்துதுங்களா. பெட்ஷீட்டு சாயம் போகாதுங்க. தைரியமாத் தொவைக்கலாம்."

"கோகிலா, ஆல்பத்தைப் பாத்தேன்."

"நொம்ப நல்லா வந்துருக்குதுங்க. உங்க கலருக்கு அரக்கு எடுப்பா இருக்குது."

"ஏய், இந்த 'ங்க'வை நிறுத்து. திட்டறதுன்னாத் திட்டிப்போடு."

அவள் அலுவலகத்தில் யாரோ பேக்கிங் டேப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. வெளியே நடந்து வந்திருப்பாள் போல, டேப் சத்தம் நின்று ஒரு பஸ் ஹாரன் வந்தது.

"திட்டறதுக்கு என்ன இருக்குது. பெரியம்மா வந்து கேட்டாங்க, 'நிவி போட்டோவ அங்க வெக்கலாம்னு இருக்கறேன், உனக்கொன்னும் வெசனமில்லையே கண்ணு'ன்னு. இல்லீங்கன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது? உண்டுன்னா சொல்றது?"

"எனக்குத் தெரியும் கோகிலா. போட்டோ அனுப்பறப்பவே தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். வெளிச்சத்தை அவ்வளவு கரெக்டா வேற ஆரு அனுப்புவா? ஸ்டுடியோக்காரரே சொன்னாராம், இப்படி ஒரு போட்டோ வந்தா எங்களுக்கு வேலையே இல்லைன்னு."

அவள் சிரித்தாள்.

"உன்ற அம்மா பார்சலைப் போடச் சொல்லி எங்கிட்டத்தான் குடுத்தாங்க. ஊட்டுல வெச்சு அந்தப் பக்கத்தைப் பாத்தேன். அண்ணன் பக்கத்துல சேலை முனையைப் புடிச்சது என்ற கை நிவி. அந்தக் கையி அதுல இருக்குது. சரி, கையாச்சும் இருக்குதேன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பறம் உன்ற மாடி ரூம்புல இருக்கற படம் ஞாபகம் வந்துருச்சு. அன்னிக்கும் நீ எனக்குக் கையை மட்டும் போட்டுட்டு மூஞ்சி போடாம உட்டுப்போட்டுப் போயிட்ட. இன்னைக்கும் அதேதான். உனக்கும் என்ற மூஞ்சிக்கும் அப்படி என்ன பகை?"

கெட்டிக்காரிக்கு உடனே ஒரு வழி தோன்றும் அல்லவா, தோன்றியது. "ஒரிஜினல் ஃபைல் ஸ்டுடியோல இருக்கும். நான் சொல்லி உன்ற முகத்தோட பிரின்ட் போட்டு அனுப்பச் சொல்றேன். இன்னைக்கே பேசறேன்."

"மறுக்காவும் தலைய மாத்துவியா? வேண்டாஞ்சாமி. கழட்டிக் கழட்டி மாட்டறதுக்கு அதென்ன பல்பா?"

"அப்பறம் நான் என்னதான் பண்ணட்டும்?"

"எங்கிட்டக் கேட்டா? நீதான் தப்புப் பண்ணுன, நீயே யோசி."

கவுன்ட்டரில் தோன்றியதைச் சொன்னேன். இணைச்சீர் மேடையை வரையப்போகிறேன், அதில் நீதான் நிற்பாய் என்றேன். இன்னொரு பஸ் போயிற்று.

"பாதியில உட்டுப்போட மாட்டியே?"

மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை அந்த வேகத்தில் சொல்லியிருக்கிறேன். "தெரியலை. ஆனா இந்தத் தடவை முகத்துல இருந்து ஆரம்பிக்கறேன்" என்றேன்.

"அதைச் செய்யி மொதல்ல" என்று வைத்துவிட்டாள். 'ங்க' இல்லை.

7

அம்மாவிடமும் கேட்டாக வேண்டும். கோபத்தோடுதான் அழைத்தேன்.

"ஏங்கம்மா இப்படிப் பண்ணுனீங்க?"

"என்ன பண்ணிப்போட்டேன்? உன்னையக் கொண்டாந்து உன்ற எடத்துல வெச்சேன்."

"அங்க கோகிலா நின்னாளுங்கம்மா."

"நின்னா. நான் இல்லைன்னா சொன்னேன்?" அவர் குரல் தாழ்ந்தது. "மண்டபத்துல வந்தவங்கெல்லாம் கேட்டாங்க, பொண்ணு வரலீங்களா, ஏன் வரலீங்க, அப்படி என்னங்க வேலைன்னு. சாப்பிட்டீங்களான்னு கேக்கறதை உட்டுப்போட்டு இதுக்கே பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. ஆல்பத்தைப் பொரட்டறப்பயாச்சும் ஆருக்கும் பதில் சொல்லாம இருக்கலாம்னு பாத்தேன். அது ஒரு தப்பா, அம்மணி?"

நான் கொண்டுவந்த கோபம் அத்தனையும் என் கையிலேயே நின்றுவிட்டது. அம்மாவின் ஆல்பத்தில் என் தலை அப்படியே இருக்கட்டும் என்று அன்று முடிவு செய்தேன். அது அவருக்கு வேண்டியது. கோகிலாவுக்கு வேண்டியதை நான் வேறு இடத்தில் செய்ய வேண்டும்.

வைப்பதற்கு முன்னால் மாடி ஜன்னலுக்குக் கண்ணாடி போடச் சொன்னேன். எதற்கு என்று அம்மா கேட்டார். அந்தக் கேன்வாஸ் எனக்கு வேண்டும் என்றேன்.

"அதுல மூஞ்சியே இல்லை கண்ணு."

"அதுக்குத்தானுங்கம்மா."

8

மூன்று வாரம் ஆகிறது. வண்ணக் கடையில் சீக்கிரம் காயும் அக்ரிலிக்கை எடுத்துவிட்டு, கல்லாவரை போய்த் திரும்பிவந்து எண்ணெய் வண்ணத்தை எடுத்தேன். ஒரு பூச்சு காய நாள்கணக்காகும். அதுவரை அடுத்ததில் கைவைக்க முடியாது. எனக்கு அப்படி ஒன்றுதான் வேண்டும்.

வேலை எளிதாக இல்லை. தூரிகையைப் பிடித்தால் விரல் ஷட்டரைத் தேடுகிறது. பாத்திரம், ஆப்பிள், என் சொந்தக் காது என்று வரைந்து பார்த்த எல்லாவற்றுக்கும் பின்னால் வெள்ளையாக விட்டிருக்கிறேன். செருப்புக் கடைப் புத்தி. குளிர்காலத்தில் இங்கே வெளிச்சம் காலை பத்திலிருந்து மதியம் மூன்றுவரைதான் சமையலறை மேசைமேல் நிற்கும். வேலை நாட்களில் எனக்கு அது கிடைக்காது. ஞாயிறு மட்டும்தான். முதல் ஞாயிறு வரைந்ததைத் துடைத்தேன். இரண்டாம் ஞாயிறு வரைந்ததை வைத்திருக்கிறேன். நன்றாக வந்தது என்பதற்காக அல்ல. துடைக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும் என்பதற்காக.

ஸ்டுடியோவிடம் ஃபைல் கேட்கவில்லை. படத்தைப் பார்த்து வரையப்போவதில்லை. மேடை எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் பென்சிலில் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணன் கையில் ஒரு முனை, கோகிலா கையில் மறுமுனை. அவள் குனிந்திருக்க மாட்டாள், இந்தப் பக்கம் திரும்பியிருப்பாள். கீழே வலது மூலையில் அம்மாவின் கை தெரியும், முழங்கைவரை மட்டும். அந்தக் கையில் ஒரு ஃபோன், ஃபோனுக்குள் நகத்தளவுக்கு நான். அன்று நான் இருந்த இடம் அதுதான். அதற்கு மேல் ஓர் அங்குலமும் எனக்கு வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, அங்கே மதியம் இரண்டரைக்கு, கோகிலா சாப்பிட்டுவிட்டு ஃபோன் முன்னால் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு மணி நேரம்தான், அதற்கு மேல் தூக்கம் வந்துவிடுமாம். சென்னிமலையில் ஜெட் கிடையாது, அதனால் அசைய மாட்டேன் என்றும் சொன்னாள்.

அசையட்டும். எந்தக் கேமராவும் எடுக்காத ஒன்று அன்று அந்த மேடையில் நடந்தது. அதை முதலில் போட்டுப் பார்க்கப்போகிறேன், அந்த இடது புருவத்தை.